ஆடி பிறக்கும் முன் ஒரு வாய்ச் சோறு

வியாழன், ஜூலை 3

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. தைக்க வேண்டிய ரவிக்கைகள் கட்டில் நிறைய. மெஷினுக்கு எண்ணெய் போட வேண்டும், மறக்கக் கூடாது.

ஆஸ்பத்திரியில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். தினமும் என்ன சாப்பிட்டேன், எது இறங்கியது, எது நின்றது. எழுதுகிறேன். மற்றதையும் எழுதுகிறேன். இதை அவர்கள் பார்க்கப் போவதில்லை, கேட்டால் வாயால் சொல்லிக்கொள்ளலாம்.

காலை: காப்பி ஓ, பால் இல்லாமல். பாதி இறங்கியது. பாதி நெஞ்சில் நின்று யோசித்தது.
மதியம்: சோறு, பருப்பு. நான்கு வாய். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர். கடைசியில் குளியலறைக்கு ஓட்டம்.
இரவு: மிலோ. பரவாயில்லை.

வருஷக்கணக்காக இதே கூத்து. கேஸ்டிரிக் என்று மாத்திரை தின்றேன். லெட்சுமி அக்கா (பக்கத்து வீடு, பாக்கார் ஆராங்கிலேயே நீளமான நாக்கு) யாரோ எனக்கு மருந்து வைத்துவிட்டார்கள் என்று திகாம் பத்துவுக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே ஓர் அம்மா என் வயிற்றை அமுக்கி, ஊதி, பஞ்சு மாதிரி எதையோ எடுத்துக் காட்டினார். "போயிருச்சு. இனி கல்லைத் தின்னாலும் செரிக்கும்." திரும்பி வரும் வழியில் ஒரு ரொட்டி சானாய் தின்றேன். கல்லே தேவலை.

கடைசியில் பினாங்கில்தான் கண்டுபிடித்தார்கள். உணவுக்குழாயின் அடியில், வயிற்றுக்குள் திறக்கிற இடத்தில் ஒரு சதை வளையம். விழுங்கும்போது அது தளர வேண்டுமாம். என்னுடையது தளர மாட்டேன் என்கிறது. வெள்ளை மருந்தைக் குடிக்க வைத்து எடுத்த படத்தில் மேலே பை மாதிரி வீங்கி, கீழே பறவை அலகு மாதிரி ஒடுங்கி இருந்தது. பெயர் அகலேசியா. பெண் பிள்ளைக்கு வைக்கிற பெயர் மாதிரி இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை ஆப்பரேஷன்.

வெள்ளி, ஜூலை 4

இங்கே வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறை. என் வீட்டுக்காரர் ஸ்கூல் வேனைக் கழுவினார். சீட்டுக்கு அடியில் கிடைத்தவை: ஒற்றைக் கால் சப்பாத்து, மூன்று தண்ணீர் பாட்டில், பாதி தின்ற கரிபாப். தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்குகிறவர், வேன் வாசனை அவர் சட்டையிலேயே வந்துவிட்டது.

லெட்சுமி அக்கா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "மாலா, பசியாறியாச்சா?"

"ஆச்சுக்கா."

"என்னா பசியாறுன?"

"மீ கோரேங்."

பொய். நூடுல்ஸ் எங்கே இறங்கும், கஞ்சித் தண்ணி. இந்த ஊரில் மனுஷர் மனுஷரைப் பார்த்தால் முதலில் கேட்கிற கேள்வியே இதுதான். எனக்கு மட்டும் அது போலீஸ் விசாரணை.

மதியம் அவரைக் காணோம். தேடினால் வேனுக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு டுரியான் தின்றுகொண்டிருக்கிறார்! நான் பார்த்தால் ஏங்குவேனாம். நல்ல எண்ணம்தான். ஆனால் வாசனை தெரு முனை வரைக்கும் வருகிறதே, அதை எந்தக் கண்ணாடி தடுக்கும்? வாயெல்லாம் மஞ்சள். "மாலா, ஒரு சுளைதான்லா." தரையில் கொட்டைகள் குவியல்.

திட்டினேன். பிறகு சிரித்தேன். சிரித்ததில் நெஞ்சு பிடித்துக்கொண்டது.

சனி, ஜூலை 5

குமரேசன் வந்தான். (இனிமேல் கு. எழுதச் சோம்பல்.) பினாங்கு ஃபேக்டரியில் வேலை, அங்கேயே ரூம். அவனுக்குச் சனி ஞாயிறு லீவு, இங்கே அவருக்கு வெள்ளி சனி. அப்பனும் மகனும் முகம் பார்ப்பது சனிக்கிழமை மட்டும்.

முகம் சரியில்லை. எனக்குத் தெரியும் ஏன் என்று.

செர்டாங் விஷயம். எழுதிவிடுகிறேன், நெஞ்சில் ஏற்கனவே நிற்பது போதும்.

கு. ஆசைப்பட்ட பெண் தர்ஷினி. செர்டாங்கில் தடிக்காவில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறாள். நல்ல பெண், எனக்கு முதல் பார்வையிலேயே பிடித்துவிட்டது. போன மாதம் பேசி முடிக்கப் போனோம். அப்பா செம்பனை மில்லில் கங்காணி வேலை, நல்ல மனிதர். அம்மா அமுதா, என் வயசு. எல்லாம் பேசி முடித்து இலை போட்டார்கள். சாம்பார், கூட்டு, வாழைக்காய், அப்பளம், பாயசம். அந்த அம்மா பக்கத்திலேயே நின்று பரிமாறினார்.

இரண்டு வாய். நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தேன், அதுவும் நின்றது. எழுந்து பின்பக்கம் குழாயடிக்கு ஓடினேன். திரும்பி வந்து இலையை மூடினேன். "வயிறு சரியில்ல" என்றேன்.

சம்பந்தம் பேசப் போன வீட்டில் கை நனைத்தால் சம்மதம். வைத்த இலையை இரண்டு வாயில் மூடிவிட்டு, "வயிறு சரியில்ல" என்றால் என்ன அர்த்தம்? நம்மில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார்கள். பிள்ளையின் அம்மாவுக்கு மனசு இல்லை.

அதற்குப் பிறகு செர்டாங்கிலிருந்து பேச்சில்லை.

கு. இன்று வாயைத் திறந்தான். "ம்மா, கூலிம்ல இருந்து ஒரு இடம் கேட்டு வந்துருக்காங்களாம். அவ அப்பா ஆடி பிறக்கிற வரைக்கும் பார்ப்பாராம். நம்ம கிட்ட இருந்து ஒண்ணும் வரலன்னா ஆவணியில அவங்கள வரச் சொல்லிருவாராம். நான் உண்மையச் சொல்லிரட்டுமா?"

"என்னான்னு? என் அம்மா சாப்பிட்டா வாந்தி எடுப்பாங்கன்னா? நோயாளி மாமியாருக்கு எவ பொண்ணு குடுப்பா? கட்டிக்கிட்டு வந்து எனக்குக் கஞ்சி காய்ச்சணுமா அவ?"

"அவ அப்படியெல்லாம் நினைக்க மாட்டாம்மா."

"அவ நினைக்க மாட்டா. அவ அம்மா நினைப்பாங்க. நானா இருந்தா நினைப்பேன்."

எழுந்து போய் மிலோ கலக்கிக் கொடுத்தான். ஆடி பிறக்க இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.

ஞாயிறு, ஜூலை 6

இன்றிலிருந்து தண்ணீர் ஆகாரம் மட்டும். உணவுக்குழாய் சுத்தமாக இருக்க வேண்டுமாம். வடிகட்டிய சூப், ஆப்பிள் ஜூஸ், ஜெல்லி. ஜெல்லி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

அவசர ரவிக்கைகளை முடித்தேன். ஒரு கல்யாணப் பெண்ணுடையதும் அதில். கை பிடிப்பாக வேண்டும் என்று அடம் பிடித்தாள், பிடிப்பாகவே வைத்துவிட்டேன். பிரியாணியைத் தின்றுவிட்டு அவள் பாடு.

சாயங்காலம் மழை. துணி நனைந்தது.

திங்கள், ஜூலை 7

பினாங்கு. பாலத்தில் நெரிசல். வேனை இன்னொரு டிரைவர் மணியம் அண்ணனிடம் விட்டுவிட்டு அவர் கூடவே வந்தார். எங்கள் சொந்தக் காடியை ஓட்டும்போது எப்போதும் போடுகிற ரேடியோவைக்கூடப் போடவில்லை. பயந்துவிட்டார் என்று தெரிந்தது. எனக்கும்தான்.

டாக்டர் ஒரு மலாய்ப் பெண். என் மகன் வயசுதான் இருக்கும், தலையை மூடிய டூடோங்கில் சின்னச் சின்னப் பூ. காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். வாய் வழியாகவே குழாய் விடுவார்கள். உணவுக்குழாயின் உட்தோலில் ஒரு சின்ன வெட்டு. அதற்குள் நுழைந்து, தோலுக்கும் சதைக்கும் நடுவில் சுரங்கம் மாதிரி வழி செய்து கீழே போய், இறுகிப்போன சதையை வெட்டிவிட்டு, வெளியே வந்து, நுழைந்த வெட்டைக் கிளிப் போட்டு மூடிவிடுவார்கள். வெளியே ஒரு கீறல் இருக்காது.

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ரவிக்கை இறுக்கிப் பிடித்தால் வெளித்துணியைத் தொடமாட்டேன். லைனிங்கை ஓர் ஓரத்தில் பிரித்து, உள்ளே கையை விட்டு, இறுக்கத்தைத் தளர்த்திவிட்டு, லைனிங்கை மூடிவிடுவேன். அதையேதான் இவர்களும் செய்கிறார்கள். என் மலாயில் இதைச் சொன்னேன். டாக்டர் கைதட்டிச் சிரித்தார். "பெத்துல், புவான்!" சரியாகச் சொன்னேனாம். பயம் பாதி போய்விட்டது.

நர்ஸ் புஷ்பா நம்ம பிள்ளை. என் காதில், "ஆன்ட்டி, இவங்க கை தங்கக் கை. பயப்படாம தூங்குங்க, முழிக்கும்போது எல்லாம் முடிஞ்சிருக்கும்."

பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனக் கிழவி. யாருடனும் பேசவில்லை. என் ஜெல்லியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

புதன், ஜூலை 9

நேற்று எழுதவில்லை. நேற்று என்று ஒரு நாள் இருந்ததே எனக்குத் தெரியாது. மாஸ்க் வைத்தார்கள், மேலே வெளிச்சம், அவ்வளவுதான். கண் விழித்தால் அவர் என் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நெஞ்சில் கொஞ்சம் வலி, தொண்டை கரகரப்பு. வயிற்றைத் தடவிப் பார்த்தேன், கழுத்தைத் தடவிப் பார்த்தேன். உண்மையாகவே ஒரு தையல் இல்லை. தையற்காரி எனக்கே ஆச்சரியம்.

இன்று காலை எக்ஸ்ரே அறை. ஒரு கப்பில் மருந்துத் தண்ணீர் கொடுத்து, குடிக்கச் சொல்லி, ஒழுகுகிறதா என்று பார்த்தார்கள். ஒழுகவில்லை.

அப்புறம்.

புஷ்பா ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்தாள். சும்மா தண்ணீர். "மெதுவா, ஆன்ட்டி. ஒரு வாய்."

குடித்தேன். வழக்கம்போல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தோளை நிமிர்த்தி, அது நிற்பதற்காகக் காத்திருந்தேன். நிற்கவில்லை. எங்கே போனது? இன்னொரு வாய். அதையும் காணோம். மூன்றாவது வாய் வயிற்றில் சில்லென்று போய் விழுந்ததை உணர்ந்தேன்.

"ஏங்க! எறங்கிருச்சு!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் கிளாஸைப் பிடுங்கி, உள்ளே எட்டிப் பார்த்து, "எல்லாமா?" என்று கேட்டார். எங்கே போயிருக்கும் என்று நினைத்தாரோ! கண்ணில் தண்ணீர் அவருக்கு. "தூசு" என்றார். ஏர்கோன் போட்ட வார்டில் ஏதய்யா தூசு?

நான் மறைக்கவில்லை. நன்றாக அழுதேன். தண்ணீர் குடித்ததற்காக அழுத மனுஷி நானாகத்தான் இருப்பேன். சீனக் கிழவி ஒரு டிஷ்ஷூ நீட்டினார்.

வியாழன், ஜூலை 10

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எழுதிக்கொடுத்தவை:
முதலில் தண்ணீர் ஆகாரம், இரண்டு மூன்று நாளில் குழைந்த சாப்பாடு.
நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை, விடாமல்.
சாப்பிட்டவுடன் படுக்கக் கூடாது.
கனமான எதையும் தூக்கக் கூடாது. (இதை அவரிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.)

கிளம்பும்போது டாக்டரிடம் முக்கியமான கேள்வி ஒன்று கேட்டேன். டுரியான் குழைந்த சாப்பாட்டில் சேர்த்தியா?

டாக்டர் ரொம்ப நேரம் சிரித்தார். அப்புறம் கண்டிப்பான முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு வாரம் போகட்டும், பிறகு ஒரே ஒரு சுளை என்றார். "சத்து சஹாஜா, புவான்." வீட்டுக்காரர் முகம் விழுந்துவிட்டது. இனி எனக்கும் பங்கு, வேனுக்குள் ஒளிந்து தின்ன முடியாதே.

சனி, ஜூலை 12

ராத்திரி இருமல் இல்லாமல் தூங்கினேன். சாய்ந்து படுக்கத் தலையணைக் கோபுரம் இல்லை, வாயில் புளிப்பு ஏறவில்லை. காலையில் எழுந்தபோது யாரோ என்னை மாற்றி வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

இட்லியைப் பாலில் ஊற வைத்து. இறங்கியது.
குழைந்த சோறு, பருப்புத் தண்ணி. இறங்கியது.
கஸ்டர்ட். இறங்கியது.
இன்னொரு கஸ்டர்ட். கேட்கவே வேண்டாம்.

லெட்சுமி அக்கா: "மாலா, பசியாறியாச்சா?"

"ஆச்சுக்கா!" கத்தினேன். பயந்துபோனார். விஷயத்தைச் சொன்னதும், "பார்த்தியா, அந்தத் திகாம் பத்து அம்மா எடுத்ததுல மிச்சம் இருந்ததத்தான் இவங்க எடுத்துருக்காங்க" என்றார். இந்த அக்காவை என்ன செய்வது!

கு. வந்தான். என் முன்னால் உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்தான். சின்ன வயசில் நான் அவனுக்கு ஊட்டிவிட்டு அப்படித்தான் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சந்தோஷம்தான் அவனுக்கு. ஆனால் போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "புதன் வரைக்கும்தான்மா. வியாழன் ஆடி" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திங்கள், ஜூலை 14

அவர்: "போன் போட்டுச் சொல்லிரு மாலா. ஆப்பரேஷன் ஆச்சு, அதான் அன்னிக்குச் சாப்பிட முடியலன்னு."

"போன்ல சொன்னா நம்புவாங்களா? கூலிம்காரன் வந்துட்டான்னு தெரிஞ்சதும் கதை கட்டுறோம்னு நினைப்பாங்க. இத வாயால சொல்ல முடியாதுங்க. சாப்பிட்டுத்தான் சொல்லணும்."

"யாரு கூப்பிட்டா நம்மள?"

"யாரும் கூப்பிடல. போறோம்."

போய்க் காலண்டரைப் பார்த்தார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவர் காலண்டரைப் பார்த்தால் சரி என்று அர்த்தம். கு.விடம் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். கு.வுக்குத் தெரிந்தால் தர்ஷினிக்குத் தெரியும், தர்ஷினிக்குத் தெரிந்தால் அங்கே விருந்து சமைப்பார்கள். விருந்து வேண்டாம் எனக்கு.

செவ்வாய், ஜூலை 15

மழை. நாளைக்குக் கட்ட நீலப் புடவை. ரவிக்கை தொளதொளவென்று இருக்கிறது, இளைத்தது அவ்வளவு. பிடித்துத் தைக்கவில்லை. இனி ஏறப்போகிற உடம்பு, எதற்குப் பிடிக்க?

பயமாக இருக்கிறது. அங்கே போய் நின்றுவிட்டால்? மறுபடி குழாயடி என்றால்? மதியம் ஒத்திகை பார்த்தேன், குழைந்த சோறு, பருப்பு, கீரை, முழுத் தட்டு. இறங்கியது. சாயங்காலம் மறுபடி. இறங்கியது. போதும், இல்லாவிட்டால் நாளைக்குப் பசிக்காது.

புதன், ஜூலை 16

எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கியதும் அதே வேனில் கிளம்பினோம். காடி வொர்க்‌ஷாப்பில். மத்தியானம் பள்ளி விடுவதற்குள் திரும்ப வேண்டும். சம்பந்தம் பேச மஞ்சள் ஸ்கூல் வேனில் போன குடும்பம் நாங்கள்தான். ஒரு வளைவில் சீட்டுக்கு அடியிலிருந்து யாருடைய தண்ணீர் பாட்டிலோ உருண்டு வந்து என் காலில் இடித்தது.

செர்டாங். வழி நெடுக செம்பனை, தார் ரோடெல்லாம் லாரி சிந்திய பழம். வீட்டு முன்னால் வேனை நிறுத்தி, அவர் பழக்கதோஷத்தில் ஹாரன் அடித்துவிட்டார். பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி, இரண்டு தடவை!

அமுதா வெளியே வந்தார். வீட்டு உடுப்பு, கையில் துடைப்பம். எங்களைப் பார்த்ததும் முகம் இறுகியது. "வாங்க" என்றார். வெறும் வாங்க. அதில் உட்காருங்கள் என்பது இல்லை.

உட்கார்ந்தோம். மின்விசிறி சுற்றியது. வீட்டுக்காரர் செம்பனை விலையைப் பற்றி ஏதோ கேட்டார்.

"காப்பித் தண்ணி கலக்குறேன்" என்று அமுதா எழுந்தார்.

"தண்ணி வேணாங்க" என்றேன். "சோறு இருக்கா? பசிக்குது."

நின்றுவிட்டார். என் வாயையே பார்த்தார்.

"சோறா? இப்பதான் குக்கர்ல போட்டேன். ஒண்ணும் ஸ்பெஷலா இல்லையே... பருப்பும் கீரையும்தான்."

"அது போதும். கொஞ்சம் தண்ணி கூட ஊத்திக் குழைய விடுங்க. குழைஞ்சாத்தான் எனக்கு எறங்கும்."

"குழையவா? ஏன்?"

அப்போதுதான் சொன்னேன். ஆரம்பத்திலிருந்து, குழாயடி வரைக்கும், பினாங்கு வரைக்கும். பறவை அலகுப் படத்தைப் போனில் காட்டினேன். "அன்னிக்கு உங்க சமையல் மேல குத்தம் இல்ல. உங்க பொண்ணு மேல சத்தியமா இல்ல. இந்த எடம்தான், பாருங்க, இவ்வளவூண்டு எடம். இதுதான் மானத்த வாங்கிருச்சு. இப்ப வெட்டி விட்டுட்டாங்க."

அமுதா போனை வாங்கி உற்றுப் பார்த்தார்.

"உப்பு கூடிருச்சோன்னு நினைச்சேங்க" என்றார். "ராத்திரியெல்லாம் தூங்கல. அன்னிக்கு வச்ச சாம்பார அதுக்கப்புறம் நான் வைக்கவே இல்ல. அவரு கேட்டாக்கூட வைக்கல."

அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டேன். "எம்மாடி, சாம்பார் என்னா பாவம் பண்ணுச்சு!" இரண்டு பேரும் அழுதோம், சிரித்தோம், எது எப்போது என்று சொல்ல முடியாது. அவர் வேனைப் பார்க்கிறேன் என்று வெளியே போய்விட்டார். தூசு.

குக்கர் அணைந்தது. "தட்டுலயே போடுங்க" என்றேன்.

"தட்டா? தட்டுல சாப்பிட்டா அது சும்மா பசியாறுறது, எலையில சாப்பிட்டாத்தான் சம்மதம். இருங்க." கத்தியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். வாழை இலையோடு வந்தார். அதே குழாயடியில் கழுவினார், எனக்குக் கேட்டது.

இலை. சோறு, பஞ்சு மாதிரி. கரண்டியால் அமுதாவே மசித்துவிட்டார். பருப்பு, கீரை, ஓரத்தில் ஒரு துளி நெய்.

முதல் வாய். அமுதா மூச்சு விடவில்லை. இறங்கியது.

இரண்டாம் வாய். இறங்கியது. மூன்றாவதை எடுத்தபோது அமுதா எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் வாசலில் வந்து நின்று மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். "மாலா, ஸ்கூல் விட்டுரும்லா. பிள்ளைங்க நிக்கும்."

"நீங்க போங்க. நான் இன்னும் முடிக்கல."

"உன்ன விட்டுட்டா?"

"சாயங்காலம் வந்து கூட்டிக்கிட்டுப் போங்க. பாதி இலையில எந்திரிச்சு ஒரு தடவை பட்டது போதும்."

வேன் போனது. அமுதா போனை எடுத்து, ஒரு கையால் எனக்குப் பருப்பு ஊற்றிக்கொண்டே, "தர்ஷினி! பாடம் கெடக்கட்டும்லா. இங்க மாப்பிள்ள அம்மா வந்துருக்காங்க. சோறு கேட்டு வாங்கி, எலையில சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க!" அந்தப் பக்கம் ஒரு கூச்சல், கூடவே சின்னப் பிள்ளைகள் எல்லாம் என்னவென்று தெரியாமல் சேர்ந்து கத்துகிறார்கள்.

கொஞ்ச நேரத்தில் என் போன். கு. மூச்சு வாங்க.

"ம்மா! எங்க இருக்கீங்க?"

"சம்பந்தி வீட்ல."

"என்னாம்மா நடக்குது அங்க?"

"வாயில சோறு இருக்குடா. அப்புறம் பேசு."